விமானம் சாய்வது பைலட்டுக்கே தெரியாதா?

விமான விபத்துச் செய்தி வந்தால் போதும், கமென்ட்டில் தவறாமல் இந்தக் கேள்வி வந்துவிடும்: 'விமானம் சாயுறதுகூடவா பைலட்டுக்குத் தெரியாது?'

தெரியாமல் போகலாம். இருட்டிலோ மேகத்துக்குள்ளோ பறக்கும்போது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. பல ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்கும் தெரியாது.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உள்காதில் மூன்று திசைகளைப் பார்த்தபடி மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது குழல் நகரும், திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை 'திரும்புறோம்' என்று புரிந்துகொள்கிறது. ஆனால் ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால், 10-20 நொடிகளில் திரவமும் குழலின் வேகத்தைப் பிடித்துவிடும். வித்தியாசம் போச்சு, திரும்பும் உணர்வும் போச்சு. சுழற்சி நின்றதும் திரவம் மட்டும் ஓடும். எதிர்ப்பக்கம் சுற்றுவது போல இருக்கும். தட்டாமாலை சுற்றிய எல்லோருக்கும் இது தெரியும்.

மிக மெதுவாகத் தொடங்கும் சாய்வை இந்தக் குழல்கள் கண்டுகொள்வதே இல்லை. 'கீழே' எது என்று சொல்ல உள்காதில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் உண்டு. ஆனால் விமானம் சீராக வளையும்போது விசை நம்மைச் சீட்டை நோக்கியே அழுத்துவதால், அவையும் 'எல்லாம் நேராத்தான் இருக்கு' என்றே சொல்லும். தரையில் இந்தக் குழப்பத்தைக் கண் சரிசெய்துவிடுகிறது. (கண்ணும் ஏமாறும். பக்கத்து ரயில் கிளம்பினால் நம்ம ரயில் நகர்ந்த மாதிரி இருக்குமே!)

1978 ஜனவரி 1 இரவு. பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 855, கடலுக்கு மேலே வலப்பக்கம் வளைந்து மீண்டும் நேரானது. கேப்டனுக்கு முன்னால் இருந்த சாய்வுகாட்டி மட்டும் பழுதாகி, இன்னும் வலப்பக்கமே சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். வெளியே கருங்கடல், கருவானம், அடிவானமே தெரியவில்லை. பாந்த்ரா கடற்கரைக்கு அப்பால் விமானம் கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தனர்.

கேப்டனின் தவறான இயக்கமே காரணம் என்றது விசாரணை. துணை விமானிக்கு முன்னால் இன்னொரு கருவி இருந்தது, மாற்றுக் கருவி ஒன்றும் இருந்தது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் 'மனிதத் தவறு' என்று எழுதி ஃபைலை மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கருவி பொய் சொல்லும்போது 'இது சரியில்லை' என்று எச்சரிக்க வேண்டிய உடம்பே அன்று சும்மா இருந்துவிட்டது. அது அவருடைய திறமைக் குறைவு இல்லை. நடப்பதற்கும் ஓடுவதற்கும் அமைந்த காது அது.

1954-ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகம் ஒரு சோதனை நடத்தியது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துப் பறக்கவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடிகளில், அதாவது மூன்று நிமிடம்கூட ஆகவில்லை! பிறகு எளிமையான ஒரு பயிற்சி கொடுத்தார்கள். கிட்டத்தட்ட எல்லோராலும் விமானத்தைப் பத்திரமாகத் திருப்ப முடிந்தது.

ஆக, விபத்துக்குப் பிறகு நாம் கேட்க வேண்டியது வேறு. கருவிகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் காக்பிட்டில் உடனே எச்சரிக்கை வருமா? வந்தால் எதை நம்புவது என்று அந்த விமானிக்குக் கடைசியாக எப்போது பயிற்சி கொடுத்தார்கள்?