ஆட்டக்காரர் ஓய்வுபெறலாம், நம் நம்பிக்கை ஓய்வுபெறுவதில்லை

ஐபிஎல் நடக்கும் மாதங்களில் இரவு பத்து மணிக்குச் சிராங்கூன் சாலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? உணவகத் தொலைக்காட்சிகளில் ஆட்டம் தொடங்கும் நேரம் அது. தட்டில் புரோட்டா ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவராவது இருப்பார். அவரிடம் சுரேஷ் ரெய்னா என்று சொல்லிப் பாருங்கள். “சின்னத் தல!” என்று முகம் மலர்வார். ரெய்னா 2022 செப்டம்பரில் எல்லா வகைக் கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வுபெற்றுவிட்டார். ரசிகரின் அந்தப் புன்னகை மட்டும் ஓய்வுபெறவில்லை.

அந்தப் புன்னகைக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. இணையச் சூதாட்ட நிறுவனங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

2024 டிசம்பரில் ஒன்எக்ஸ்பெட் என்ற பந்தய நிறுவனம் ரெய்னாவைத் தன் தூதராக அறிவித்தது. பதவியின் பெயர், ‘பொறுப்பான விளையாட்டுக்கான தூதர்’. 2025 ஆகஸ்ட்டில் இந்திய அமலாக்கத் துறை அந்நிறுவனம் தொடர்பான வழக்கில் அவரை அழைத்து விசாரித்தது. அடுத்த மாதம் ஷிகர் தவான், ராபின் உத்தப்பா, யுவராஜ் சிங் ஆகியோரும் விசாரிக்கப்பட்டனர். நவம்பரில் ரெய்னா, தவான் இருவருக்கும் சொந்தமான 11.14 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகள் முடக்கப்பட்டன. சொத்து முடக்கம் தீர்ப்பு ஆகாது. யார் குற்றவாளி என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். நான் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்பும் கேள்வி வேறு: கணினி வல்லுநர்களும் கணித நிபுணர்களும் கைவசம் உள்ள ஒரு நிறுவனத்துக்கு, ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் எதற்கு?

விடையின் முதல் பகுதி 1920ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழ் பணியாற்றியவர்களுக்கு அளித்த மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவுத்திறன், தலைமைத்துவம், நற்பண்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். ஆனால், உடற்கட்டில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் பெரும்பாலும் மற்றவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். ஒரு சிறப்பைப் பார்த்த கண், மற்றவையும் சிறப்பாகத்தான் இருக்கும் என்று தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. இதை ‘ஒளிவட்ட விளைவு’ என்கிறார்கள். எல்லைக்கோட்டருகே பாய்ந்து பந்தைப் பிடித்தவர் பணத்தைப் பற்றியும் சரியாகத்தான் சொல்வார் என்று நமக்குத் தோன்றுவது அதனால்தான்.

இரண்டாவது பகுதி இன்னும் நுட்பமானது. நீங்கள் பள்ளியில் காற்பந்து ஆடுகிறீர்கள். நீங்கள் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. அது தோல்விதான், ஆனாலும் பயனுள்ள தோல்வி. குறி ஏறக்குறைய சரி, இன்னும் சற்று இடப்பக்கம் உதைக்க வேண்டும் என்று அது சொல்லித் தருகிறது. பயிற்சி செய்தால் அடுத்த மாதம் கோல் விழும். ஆட்டக்காரர்களின் வாழ்க்கையே இப்படிப்பட்ட ‘மயிரிழையில் தவறிய’ தருணங்களால் கட்டப்பட்டது.

சூதாட்ட இயந்திரத்தில் மூன்று படங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது சற்றே தள்ளி நின்றால், அது உங்களுக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. அடுத்த சுற்றின் வாய்ப்பு முன்பிருந்த அதே அளவுதான். ஆனால், மூளை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் சக ஆய்வாளர்களும் 2009ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மயிரிழையில் தவறும்போது வெற்றியின்போது இயங்கும் அதே மூளைப் பகுதிகள் இயங்கியதைக் கண்டனர். தொடர்ந்து ஆட வேண்டும் என்ற ஆசையும் கூடியது. முயன்றால் முடியும் என்பதைத் தன் வாழ்க்கையால் காட்டிய ஒருவரை அந்தத் திரைக்கு அருகில் நிறுத்தினால், முயற்சிக்குப் பலனே இல்லாத இடத்திலும் முயல்வோம் என்று தோன்றாதா?

“எனக்குக் கிரிக்கெட் தெரியுமே! நான் யூகித்துத்தானே கட்டுகிறேன்?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். இரு அணிகளும் சம பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான பந்தயம் என்றால், ஒரு வெள்ளி கட்டி வென்றவருக்கு 2 வெள்ளி கிடைக்க வேண்டும். நிறுவனமோ 1.90 வெள்ளிதான் தரும். பத்து பத்து வெள்ளியாக 100 முறை கட்டினால் உங்கள் கையிலிருந்து போவது 1,000 வெள்ளி. பாதி முறை வென்றால் 50 முறை 19 வெள்ளி, அதாவது 950 வெள்ளி திரும்பி வரும். மீதி 50 வெள்ளி நிறுவனத்துக்கு. எந்த அணி வென்றாலும் அதற்குக் கவலையில்லை. சிலர் உண்மையிலேயே நன்றாக யூகித்துத் தொடர்ந்து வெல்வதும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் கட்டக்கூடிய தொகைக்குப் பல நிறுவனங்கள் வரம்பு விதித்துவிடுகின்றன. திறமைக்குப் பரிசு தரும் இடம் திறமைசாலியை வெளியே அனுப்புமா?

வென்றுவிட்டால் நிறுத்திக்கொள்ளலாமே என்றும் சிலர் சொல்வார்கள். இதற்கு விடை நம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. 2014 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது, சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. நண்பர்கள் தங்களுக்குப் பிடித்த அணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, ஆண்டி என்ற சிறுவன் மட்டும் சோகமாக இருப்பான். அவனுடைய சேமிப்பு முழுவதையும் அப்பா ஜெர்மனி மேல் கட்டிவிட்டார். அந்த ஆண்டு கிண்ணத்தை வென்றது ஜெர்மனியேதான்! ஊரே சிரித்தது. வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளும் கிண்டல் செய்தன. மன்றம் விளம்பரத்தின் முடிவை மாற்றியது. உன் சேமிப்பு திரும்பக் கிடைத்ததா என்று நண்பன் கேட்க, இல்லை, அப்பா நிறுத்துவதே இல்லை, இன்னொரு முறை கட்டப்போகிறாராம் என்பான் ஆண்டி.

கேலிக்குள்ளான அந்த விளம்பரம் அறிவியல் பாடத்தைச் சரியாகவே சொல்லிவிட்டது. எதிர்பாராத பரிசு கிடைக்கும்போது மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் வேகமாகத் துடிக்கின்றன என்பதை வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகள் காட்டின. பழகிய பிறகு, பரிசு வரும் முன்பே, அதன் அறிகுறியைக் கண்டதுமே அவை துடிக்கத் தொடங்கிவிடும். வென்றவருக்குத்தான் அடுத்த அறிகுறி அதிகமாக இனிக்கும். உங்கள் வயதில் ஆசையைத் தூண்டும் மூளைப் பகுதிகள் முழு வேகத்தில் இயங்குகின்றன. ‘பொறு’ என்று சொல்லும் முன்மூளைப் பகுதி முதிர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்ட வேண்டும். இது உங்கள் குறை இல்லை, வளர்ச்சியின் ஒழுங்கு.

நம் சட்டம் இதைக் கணக்கில் கொண்டிருக்கிறது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் இணையத்தில் சூதாடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத தளத்தில் சூதாடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அத்தகைய தளங்கள் முடக்கப்படுகின்றன. இந்தியாவும் 2025 ஆகஸ்ட்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அவற்றை விளம்பரப்படுத்துவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனாலும், ஒரு தளத்தை முடக்குவதுபோல் ஒரு முகத்தை முடக்க முடியாது. சமூக ஊடகக் காணொளி எல்லை தாண்டி உங்கள் கைப்பேசிக்கு வந்துவிடும்.

ஆடும் காலத்தில் கிரிக்கெட் வீரர் எந்தக் கிரிக்கெட் ஆட்டத்திலும் பந்தயம் கட்டக் கூடாது. விளையாட்டின் நேர்மைக்கு அது ஆபத்து என்று விளையாட்டு அமைப்புகளே விதி வகுத்துள்ளன. அப்படியிருக்க, ஓய்வுபெற்ற பின் அதே பந்தயத்துக்கு அவர் அழைப்பு விடுத்தால் மட்டும் எப்படிச் சரியாகும்? பிரிட்டனில் 2022 அக்டோபர் முதல், 18 வயதுக்கு உட்பட்டோரை வலுவாகக் கவரக்கூடியவர்கள் சூதாட்ட விளம்பரத்தில் தோன்றக் கூடாது. ஓய்வுபெற்றவர்களை மட்டும் தனித்தனியாக எடைபோட்டு முடிவு செய்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தச் சலுகையும் வேண்டாம். ஆட்டக்காரரின் தொழில்வாழ்க்கை குறுகியது, வருமானம் தேவை என்பது உண்மைதான். பயிற்சியும் வர்ணனையும் நூறு வேறு பொருள்களின் விளம்பரங்களும் இருக்கின்றனவே. ‘பொறுப்பான’ என்ற சொல்லைப் பதவிக்கு முன்னால் ஒட்டிவிடுவதால் 1.90 வெள்ளி 2 வெள்ளி ஆகிவிடாது.

வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்துக்காக 125 ஆட்டங்களில் ஆடிய கோல்காப்பாளர் பீட்டர் ஷில்டன், 45 ஆண்டுகள் சூதாட்டப் பழக்கத்தில் சிக்கியிருந்ததை வெளிப்படையாகச் சொன்னார். இன்று சூதாட்ட விளம்பரங்களுக்கு எதிராகப் பேசுகிறார். அதுவும் புகழைப் பயன்படுத்துவதுதான்.

அடுத்த முறை உங்கள் அபிமான வீரர் திரையில் சிரித்தபடி ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால், ஒரு கணம் நிறுத்தி இரண்டு கேள்விகள் கேளுங்கள். இவர் எதில் வல்லவர்? இவர் இப்போது சொல்வது அதைப் பற்றியா? வீட்டில் யாராவது இதில் சிக்கியிருந்தால் தனியாகச் சுமக்காதீர்கள். ஆசிரியரிடம் சொல்லலாம், 1800-6-668-668 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம். ரெய்னா அடித்த பந்துகளை மனத்தில் வைத்துக் கொண்டாடுங்கள். அந்த மகிழ்ச்சிக்கு ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.