வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்ள ஆள் தேவை

கையில் அதிகம் காசில்லாமல் ஊர் சுற்ற ஆசைப்படுபவர்கள் வாயில் இப்போது அடிக்கடி வரும் வார்த்தை ‘ஹவுஸ் சிட்டிங்’. இதைத் தமிழில் ‘வீட்டுக் காவல்’ என்று எழுதினால், ஏதோ ஒரு தலைவரைப் பிடித்து அவர் வீட்டிலேயே அடைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் ‘வீடு பார்த்துக்கொள்வது’ என்றே வைத்துக்கொள்வோம்.

விஷயம் ரொம்ப எளிமையானது. ஒருவர் வெளியூர் போகிறார். அவர் வீட்டில் ஒரு நாயோ பூனையோ இருக்கிறது. அவர் திரும்பி வரும்வரை நீங்கள் அங்கே தங்கி, அதற்குச் சோறு வைத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டைப் பார்த்துக்கொள்கிறீர்கள். அவர் சம்பளம் தருவதில்லை, நீங்கள் வாடகை தருவதில்லை. 2010-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ட்ரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ்’ போன்ற தளங்கள் இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைக்கின்றன. இருவருமே தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் ஒருவரைப் பற்றி ஒருவர் நாலு வரி எழுதுகிறார்கள். அந்த நாலு வரிதான் அடுத்த வீட்டுக்கான சிபாரிசுக் கடிதம். இப்படியே வீடு வீடாகத் தாண்டி வருஷக்கணக்கில் பயணம் செய்பவர்கள் உண்டு.

இதில் இன்னொரு வசதி, ஒரே ஊரில் பத்து நாள் இருக்க முடிவது. லாட்ஜில் காசு கொடுத்துத் தங்கினால் இரண்டாம் நாளே கிளம்பத் தோன்றும். பத்து நாள் இருந்தால்தான் பக்கத்துக் கடைக்காரர் முகம் பழகும். ஏரியோ ஆறோ கடலோ இருந்தால் ஒரு கயாக்கை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிவரலாம். கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு. பெயர் புதிதாக இருக்கலாம், ஆனால் கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலத்துக்கே கொடுத்த நமக்குத் துடுப்புப் போடுவது ஒன்றும் அந்நியமான காரியமில்லை.

படிக்கும்போது சொர்க்கம் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில்தான் தண்ணீர் அமைதியாக இருக்கும். கயாக்குக்கு அதுதான் சரியான நேரம். நாயை வெளியே கூட்டிப்போக வேண்டிய நேரமும் அதுவேதான். இரண்டும் மோதினால் நாய்தான் முதலில். அதை ஒத்துக்கொள்ள முடியாதவர் இந்த வழியில் பயணம் போகக்கூடாது என்பது என் கருத்து. இது இலவசத் தங்குமிடம் கிடையாது. ஓர் உயிரைக் கவனித்துக்கொள்கிறோம், அதற்குப் பதிலாகத்தான் தங்க இடம்.

அடுத்த சிக்கல் விசா. 2022-ல் கனடாவுக்குப் போகும் வழியில் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கிய ஓர் ஆஸ்திரேலியப் பெண், பூனைகளைப் பார்த்துக்கொண்டு இலவசமாகத் தங்கப் போவதாக அதிகாரிகளிடம் சொன்னார். அதுவும் ஒருவகை வேலைதான் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டுக்கே இந்த மரியாதை என்றால், அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் விசா வாங்க வரிசையில் நிற்கும் நம் கதையைச் சொல்லவே வேண்டாம். ஆக, நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இது வெளிநாடு சுற்றும் குறுக்குவழி இல்லை. நம்மூருக்குள்ளேயே செய்ய முடிந்தால்தான் உண்டு.

சரி, நம்மூரைப் பார்ப்போம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் நீளமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றாவது கண்ணில் படும். பெண்ணோ பையனோ அமெரிக்காவில் இருப்பார்கள். பிரசவம் பார்க்கப் போன பெற்றோர் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார்கள். வாசலில் விளம்பர நோட்டீஸ்கள் குவிந்து, ‘இங்கே யாரும் இல்லை’ என்று திருடனுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸே கேட்டுக்கொள்கிறது. 2022-ல் ஆவடிக்கென்று தனி போலீஸ் கமிஷனரேட்டே வந்துவிட்டது. ஆனாலும் எந்த ரோந்து போலீஸும் நாய்க்குச் சோறு வைக்க முடியாதே! நாயைச் சொந்தக்காரர் வீட்டில் விடுவார்கள், இல்லையென்றால் காசு கட்டிக் கூண்டில் விடுவார்கள். நாய்க்காகவே பயணத்தைக் கைவிட்டவர்களும் உண்டு.

இன்னொரு பக்கம், அதே தெருக்களில் மாணவர்களும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த பையன்களும் தங்க இடம் தேடி அலைகிறார்கள். ‘பேச்சிலருக்கு வீடு இல்லை’ என்று கேட்டிலேயே எழுதி வைத்திருப்பார்கள். காலி வீடும் இருக்கிறது, தங்க ஆளும் இருக்கிறது. ஆனால் இரண்டும் சேரவே மாட்டேன் என்கின்றன.

ஏன்? நம்பிக்கை இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் நாம் யாரையுமே நம்பாதவர்கள் இல்லை. அந்தக் காலத்தில் வாசலில் திண்ணை கட்டிவைத்ததே வழிப்போக்கர் உட்காரவும் படுக்கவும்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மைதான். ஆனால் அந்த நம்பிக்கை திண்ணை வரைக்கும்தான் வந்தது, நிலைப்படியைத் தாண்டவில்லை. அந்தத் திண்ணையில்கூட யார் உட்காரலாம், யார் உட்காரக்கூடாது என்று ஒரு கணக்கு இருந்தது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

அந்தக் கணக்கு இன்றும் போகவில்லை. வீடு கேட்டுப் போனால் என்ன கேட்கிறார்கள்? ‘சொந்த ஊர் எது தம்பி?’ ‘அங்கே எந்தத் தெரு?’ ‘அப்பா பேரு என்ன?’ ‘நீங்க வெஜிடேரியன்தானே?’ இதில் ஒன்றுகூட நான் வாடகையை ஒழுங்காகக் கொடுப்பேனா, குழாயை மூடுவேனா என்று தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி இல்லை. எதற்கான கேள்விகள் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பிறப்பைப் பார்த்து வரும் நம்பிக்கை இது. ஒருவன் எவ்வளவு நல்லவனாக நடந்துகொண்டாலும் இதைச் சம்பாதிக்க முடியாது.

வீடு பார்த்துக்கொள்ளும் முறையில் எனக்குப் பிடித்த விஷயமே இங்கேதான் இருக்கிறது. அங்கே நம்பிக்கை என்பது நடத்தையால் சேர்வது. போன வீட்டில் நாயை எப்படிப் பார்த்துக்கொண்டாய், சமையலறையை எப்படி விட்டுவிட்டு வந்தாய் என்பதுதான் கேள்வி. அப்பா பேரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? நாய் சாதி பார்ப்பதில்லை. நேரத்துக்குச் சோறு வருகிறதா என்றுதான் பார்க்கிறது.

இணையத்தில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஏர்பிஎன்பி தளத்தைப் பற்றி 2017-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கறுப்பினத்தவர் என்று தெரியும்படியான பெயரோடு இடம் கேட்டால், வெள்ளையர் பெயரைவிட ஏற்கப்படும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. பெயரைப் பார்த்து ஆளை எடைபோடுவது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. ஆனால் நடத்தைக்கு எழுத்தில் ஒரு சாட்சி இருந்தால், பெயரைத் தாண்டிப் பேச ஓர் ஆதாரமாவது கையில் இருக்கும்.

வீட்டுக்காரர்களின் பயம் அத்தனையும் பொய் என்றும் சொல்லமாட்டேன். நகை, பத்திரம் எல்லாம் இருக்கும் வீடு. நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? ஆறு மாதம் இருந்துவிட்டு ‘காலி செய்யமாட்டேன்’ என்றால் என்ன செய்வது? நியாயமான கேள்விகள்தான். அதனால்தான் எடுத்த எடுப்பில் ஆறு மாதம் வேண்டாம் என்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் மூன்று நாளில் ஆரம்பிக்கலாம். முன்கூட்டியே ஆளை வரவழைத்து நாயோடு பழகவிடலாம், நாய்க்குப் பிடித்ததா என்று அதன் வாலே சொல்லிவிடும். அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்ளலாம். விலைமதிப்பானதை லாக்கரில் வைக்கலாம். வெறிநாய்க்கடி தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவர் நம்பர், எத்தனை நாள், யார் என்ன செலவு செய்வது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம். அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வேண்டும், அந்த நகலும் வீட்டில் இருக்கட்டும்.

கயாக் எங்கே என்கிறீர்களா? செம்பரம்பாக்கம் பூந்தமல்லிக்குப் பக்கம்தான், ஆனால் அது சென்னையின் குடிநீர் ஏரி, அங்கே ஆசைப்படாதீர்கள். திருவேற்காடு வழியாக வரும் கூவத்தில் துடுப்புப் போடச் சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2019-ல் பூங்காவும் படகுச் சவாரியும் கொண்டுவந்தார்கள். சாக்கடையாகிக்கொண்டிருந்த ஏரியும் திரும்ப ஏரியாக முடியும் என்பதற்கு அது ஓர் உதாரணம். கயாக் வேண்டுமென்றால் முட்டுக்காடு, கோவளம் பக்கம் போகவேண்டும். ஆவடியிலிருந்து போய் வருவதிலேயே அரை நாள் கரைந்துவிடும். கோவளத்தில் ஒருவர் வீட்டையும் பூனையையும் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளக் கிடைத்தால், பூனைக்கு மீன் வைத்துவிட்டு விடியற்காலையிலேயே தண்ணீரில் இறங்கிவிடலாம். சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் ஆலப்புழை. அங்கே உள்கால்வாய்களில் நாள் முழுக்கச் சுற்றலாம். எங்கே போனாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நாம் மறந்துவிடக்கூடாது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அடுத்த முறை வெளியூர் போகும்போது, தங்க இடம் தேடும் ஒரு மாணவனை அழையுங்கள். ஊர் பேரையும் அப்பா பேரையும் கேட்பதற்குப் பதிலாக, இதற்கு முன் யார் வீட்டைப் பார்த்துக்கொண்டாய், அவர்களிடம் பேசலாமா என்று கேளுங்கள். இதுவரை யார் வீட்டையும் பார்த்ததில்லை என்று அவன் சொன்னால், அவனுடைய முதல் சாட்சி நீங்களாகவே இருந்துவிட்டுப் போங்களேன். யாராவது ஒருவர் முதல் சாவியைக் கொடுத்தால்தானே அவன் இரண்டாவது வீட்டுக் கதவைத் தட்ட முடியும்?