நூலும் சேலையும்

தோழரே! களம்பூர்த் தறிவீட்டுக்குப் பட்டு நூல் நிறுத்தே வருகிறது. நெய்த சேலையும் நிறுத்தே போகிறது. சில கிராம் குறைந்தால் கேள்வி எழும். அதே வீட்டிலே பிறந்த சிசு 2,500 கிராமுக்குக் குறைந்தால்? கேள்வி இல்லை! ‘நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

நூலைக் கெடுத்தவன் யார் என்று கேட்டார்களா?

உடற்கூறு உண்டு, மறுக்கவில்லை. தலைச்சன் பிள்ளை சற்று இளைத்திருக்கும். பெண் சிசு ஆணைவிட நூறு கிராமளவு குறையும். மாதம் நிறையாமல் பிறந்தால் எடை இராது. குட்டையான தாய்க்குச் சிறிய பிள்ளை என்பதும் மெய்யே. ஆனால் அந்தத் தாய் வளராமற்போனதற்கு, சிறுமியாய் இருந்த நாளில் அவள் வட்டிலிலே விழுந்த சோற்றின் அளவும் காரணமன்றோ!

1944–45 குளிர்காலத்தில் நாஜிப் படை உணவை மறித்தது; மேற்கு நெதர்லாந்து பட்டினியில் வீழ்ந்தது. பேறுகாலத்தை நெருங்கிய தாய்மார் ஈன்ற குழந்தைகள் ஏறத்தாழ 300 கிராம் குறைந்து பிறந்தன. குலம் மாறவில்லை, குருதி மாறவில்லை; குறைந்தது உணவு!

களம்பூரோ அரிசி ஆலைகளின் ஊர். அரிசி வயிற்றை நிரப்பும். குருதிக்கு இரும்புச் சத்தைக் கீரையும் பயறும் மீனும் தரவேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்விலே, தமிழகத்தின் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 48 பேர் குருதிச்சோகையர். தார் சுற்றிக் களைத்தவள் கடைசிப் பந்தியிலே அடிப்பானைச் சோறு உண்கிறாள்.

1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. கருவுற்ற 12 வாரத்துக்குள் பெயர் பதிவதே முதற்படி. உமது தெருவிலே யார் இன்னும் பதியவில்லை? கதவைத் தட்டிக் கேளும். அவள் எத்தனையாவது பந்தியில் உண்கிறாள் என்றும் கேளும். முதலில் உம் வீட்டில், என் வீட்டில்!