பெயர் வைக்க இரண்டு நாடு

எங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைப்பதற்குள் தாத்தா, அத்தை, எண்கணித ஜோதிடர் என ஆளாளுக்கு வந்துவிடுவார்கள். அதுதான் பெரிய கூத்து என்று நினைத்திருந்தேன். நுண்ணுயிரியல் ஆய்வு செய்யும் என் சித்தி மகள் போன வாரம் சொன்னாள்: “அக்கா, ஒரு பாக்டீரியாவுக்குப் பேரு வைக்கணும்னா ரெண்டு நாடு வேணும்.”

விளையாட்டில்லை. புதிய பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவர், அதன் உயிருள்ள மாதிரியை வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு சேமிப்பகங்களிலாவது ஒப்படைக்க வேண்டும். கேட்கும் ஆய்வாளருக்கு அது தடையில்லாமல் கிடைக்கவும் வேண்டும். 2001 முதல் அனைத்துலக விதி இது. இல்லாவிட்டால் பெயர் செல்லாது. கட்டுரை அச்சானாலும் அந்தப் பெயரை மேற்கோள்குறிக்குள்தான் போடுவார்கள், ஏதோ பட்டப்பெயர் மாதிரி!

இந்தியாவில் இது நன்றாகவே இடிக்கிறது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, அந்நாட்டு உயிரியல் வளத்தை வெளிநாட்டவர் ஆய்வுக்குப் பெற, சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மண்ணில் கிடக்கும் பாக்டீரியாவும் அதில் அடக்கம். ‘தடையில்லாமல் கொடு’ என்கிறது விதி. ‘அனுமதி வாங்கு’ என்கிறது சட்டம். நடுவில் மாட்டிக்கொள்வது ஆய்வுக்கூடத்தில் கண்விழித்த மாணவர்.

சட்டத்தைத் திட்டவும் மனம் வரவில்லை. பாட்டி காயத்துக்குப் பூசிய மஞ்சளுக்கே 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியா ஆதாரங்களோடு போராடி, 1997இல் அது ரத்தானது. சூடுபட்டவர்கள் கதவைப் பூட்டத்தானே செய்வார்கள்? நம் மலேசியாவிலும் உயிரியல் வளங்களுக்கான சட்டம் 795, 2020 டிசம்பரில் நடப்புக்கு வந்துவிட்டது.

ஆனாலும், பெயர் வைக்க மட்டும் அனுப்பும் ஒரு சின்னக் குப்பிக்கு விரைவான தனி வழி இருக்க வேண்டும் என்பேன். மருந்தாக்கிக் காசு பார்க்க வருபவரை நன்றாகவே நிறுத்தி விசாரிக்கட்டும்.

2022இல் ‘சீக்கோட்’ என்ற மாற்று வழி வந்தது. உயிருள்ள மாதிரி வேண்டாம், மரபணுத் தொடரே போதும். அதைக் கணினியிலேயே அனுப்பிவிடலாம். ஆனால் அந்தத் தகவலால் வரும் லாபத்திலும் பங்கு வேண்டுமென்று நாடுகள் கேட்க, 2025 பிப்ரவரியில் ‘காலி நிதி’ தொடங்கியாயிற்று.

தங்கையின் பாக்டீரியா இப்போதைக்கு மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டியில், வெறும் ஓர் எண்ணோடு கிடக்கிறது. பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டாளாம். என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.