பொங்கும் மலை... வெடிக்கும் மலை!



வீட்டில் வெந்நீர் கொதிக்கும்போது பார்த்திருப்பீர்கள். கொப்புளங்கள் மேலே வந்து, எளிதில் உடைந்துபோகும். ஆனால், பாட்டி கேழ்வரகுக் கூழ் காய்ச்சும்போது, "கிட்டே வராதே!" என்று அதட்டுவார். கெட்டியான கூழுக்குள் ஆவி சிக்கிக்கொள்ளும். பிறகு, "டப்" என்று வெடித்துக் கையில் தெறிக்கும்.

எரிமலையின் கதையும் இதுதான். பூமிக்கடியில் உள்ள பாறைக் குழம்பில் நீராவி, கரியமில வாயு, கந்தக வாயு எல்லாம் கரைந்திருக்கும். குழம்பு மேலே ஏற ஏற, அழுத்தம் குறையும். சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைக்குமே, அதுபோல வாயு குமிழ்களாகப் பிரியும்.

ஹவாய் தீவில் உள்ள கிலாவியா எரிமலையின் குழம்பு இளக்கமானது. வாயு எளிதில் வெளியேறிவிடும். அதனால், குழம்பு பெரும்பாலும் நெருப்பு ஆறாக வழிந்தோடும். சிலிக்கா அதிகமுள்ள குழம்போ கெட்டி. உள்ளே சிக்கிய வாயு விரிந்து, குழம்பையே தூள் தூளாக்கி வானில் வீசிவிடும்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாடுபோ மலை அப்படிப்பட்டது. சுமார் 500 ஆண்டுகள் தூங்கிய அந்த மலை, 1991ல் விழித்தது. விஞ்ஞானிகள் அதன் கந்தக வாயுவை அளந்தனர். மே 13ல், நாளொன்றுக்கு 500 டன். மே 28ல், 5,000 டன்! ஜூன் முதல் வாரத்தில் திடீரென்று குறைந்துவிட்டது.

"அப்பாடா, அடங்கிவிட்டது" என்று அவர்கள் நினைக்கவில்லை. "ஏன் குறைந்தது? வாயு வரும் வழி அடைபட்டுவிட்டதோ?" என்றே யோசித்தனர். பல்லாயிரம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஜூன் 15ல், மலை பயங்கரமாக வெடித்தது. சாம்பல் 35 கி.மீ., உயரம் எழுந்தது. அன்றே புயல் மழையும் சேர, நனைந்து கனத்த சாம்பலால் கூரைகள் இடிந்து, நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். ஆனால், முன்பே வெளியேறிய ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர்.

நான் பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில், "எரிமலை என்றால் என்ன?" என்ற கேள்விக்கு, மனப்பாடமாக விடை சொன்னவர்கள் பலர். "எல்லா எரிமலையும் ஏன் வெடிப்பதில்லை சார்?" என்று கேட்டவர்கள் ஓரிருவரே. பினாடுபோவில் உயிர்களைக் காப்பாற்றியது, அந்த "ஏன்"தான்!

எனவே, வகுப்பில் சந்தேகம் வந்தால், மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். எழுந்து நின்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்.