கூடுதல் விலை எதற்கு?

தொழிற்சாலைகள் பெருகிவிட்ட ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் மண்ணூர் என்று ஓர் ஊர் உண்டு. பெயரிலேயே மண்ணை வைத்திருக்கும் ஊர். உங்கள் வீடு அங்கே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஆலையில் வேலை. கடையில் இரண்டு கூடைகளில் கத்தரிக்காய். ஒன்றின் மேல் 'இயற்கை விளைச்சல்' என்று எழுதி, விலையைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

"இதில்தான் சத்து அதிகம்" என்று சிலர் சொல்வார்கள். சத்தில் பெரிய வேறுபாடு இருப்பதாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. பூச்சிமருந்தின் எச்சம் பொதுவாகக் குறைவு என்பது உண்மை. ஆனால், பெரிய நன்மை நம் தட்டில் இல்லை, வயலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு தேக்கரண்டி வளமான மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தொழு உரமும் மட்கிய இலைதழையும் அவற்றின் உணவு. மட்கு சேர்ந்த மண் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தக்கைப்பூண்டை விதைத்து, வளர்ந்ததும் மடக்கி உழுதால், அதன் வேர்முடிச்சுகளிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து பிடித்த நைட்ரஜன் பயிருக்குக் கிடைக்கும்.

மருந்து தெளிப்பவரையும் நினைத்துப் பாருங்கள். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து அடித்தபோது நஞ்சேறி, விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமாகச் சுமார் 20 பேர் இறந்தார்கள். நாம் கழுவிச் சாப்பிடுகிறோம். அவர்களோ அதைச் சுவாசித்தார்கள்.

அப்படியானால் நாளைக்கே யூரியாவை நிறுத்திவிடலாமா? கூடாது. 2021 ஏப்ரலில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்வதாக அறிவித்தது. நெல் விளைச்சல் வெகுவாகச் சரிந்தது. தேயிலையும் அடிபட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்க வேண்டியதாயிற்று.

காரணத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. தொழு உரத்தில் நைட்ரஜன் நூற்றுக்கு அரைப் பங்குதான். ஆகவே ஒரு மூட்டைக்கு ஈடாக 4 டன் தொழு உரம் வேண்டும்! ஒரு நாடு முழுவதற்கும் அதைச் சில மாதங்களில் திரட்ட முடியுமா?

மண் மெல்லத்தான் மாறும். நம் நாட்டுச் சான்றிதழ் விதிகளின்படி, பருவப் பயிர்களுக்கு மாறுதல் காலம் பொதுவாக 2 ஆண்டுகள். அதுவரை விளைச்சல் குறையலாம். இயற்கை விளைபொருள் என்ற பெயரிலும் விற்க முடியாது. அந்த நட்டத்தை விவசாயி ஒருவரே சுமப்பது நியாயமா?

கத்தரிக்காயின் கூடுதல் விலைக்கு இதுதான் பொருள். வசதியுள்ள வீடுகள் அதைக் கொடுக்கட்டும். வசதியில்லாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அவர்களுக்காக அரசு விவசாயிக்குக் கைகொடுக்க வேண்டும். பொட்டலமாக இருந்தால் சான்றிதழ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விவசாயியே விற்றால், என்ன உரம் போட்டார், பூச்சியை எப்படித் தடுத்தார் என்று கேளுங்கள். உண்மையாக உழைத்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

வயலை விட்டு ஆலைக்குப் போன குடும்பங்கள் பல. ஆனாலும் நாள்தோறும் உண்கிறோம் அல்லவா? அந்த மண்ணின் நலனில் நமக்கும் பொறுப்பு உண்டு.