இனம் பார்க்குமுன் தீவனம் பாருங்கள்

கறவை மாடு வாங்கப் போகும் விவசாயி முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் கறக்கும்?" என்பதுதான். "என்ன தின்னும்? எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?" என்று கேட்பவர் குறைவு. பால் கணக்கை விற்பவர் சொல்லிவிடுவார். தீவனக் கணக்கை வாங்கியவர்தான் தினமும் பார்க்க வேண்டும். கடன் பெற்று வாங்கிய மாடு கோடையில் பால் குறைந்து நிற்க, தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்பது இதனால்தான்.

முன்பு எல்லோரும் கலப்பினத்தின் பின்னால் போனோம். 2017 ஜனவரியில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்திற்குப் பின் நாட்டு மாட்டின் மீது ஆர்வம் பெருகியது. நல்லதே. ஆனால் அந்த ஆர்வத்தில், குஜராத்தின் கிர் மாட்டைப் பெரும் விலை கொடுத்துக் கொண்டுவருவோரும் உண்டு. அதுவும் நமக்கு வெளியூர் மாடுதான். கலப்பினமா, நாட்டினமா என்ற வாதம் சிறு விவசாயிக்கு உதவாது. நம் கொல்லைக்கு எது பொருந்தும் என்பதே கேள்வி.

கோடையிலும் கிணற்றில் தண்ணீர் உண்டு, 10 சென்ட் நிலத்தில் கோ 4 கம்பு நேப்பியர் புல் போட முடியும், ஊரில் பால் சங்கமும் இருக்கிறது என்றால் ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று வளர்க்கலாம். அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ வைக்கோலும் வேண்டும். உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ அடர்தீவனம். அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. ஹோல்ஸ்டீன் பிரீசியன் கலப்பு இதைவிட அதிகம் கறக்கும். ஆனால் அது நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைகளுக்கு ஏற்றது. சமவெளி வெயிலில் மூச்சிரைத்து நிற்கும். பாலில் கொழுப்பும் ஜெர்சியைவிடக் குறைவு.

மானாவாரி நிலத்தில் கதை வேறு. கொங்கு நாட்டுக் கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்தது காங்கேயம். தஞ்சை, நாகை வட்டாரத்துச் சேற்று வயலுக்கென்றே அமைந்தது உம்பளச்சேரி. இரண்டும் கறப்பது நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர்தான். வீட்டுக்குப் பால், வயலுக்கு எரு, விற்பதற்குக் கன்று என்றால் அது போதும். பாலை விற்றே பிழைக்க வேண்டும் என்றால் கட்டாது. இதை மறைத்து, நாட்டு மாடு வாங்கினால் செல்வம் கொழிக்கும் என்று பேசுவது ஏழை விவசாயிக்கு நல்லது செய்வதாகாது.

இனத்தைச் சந்தையில் மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை; சினை ஊசி போடும் நாளிலும் தேர்ந்தெடுக்கிறோம். அரைப் பங்கு ஜெர்சி இரத்தமுள்ள பசுவுக்குச் சுத்த ஜெர்சி விந்து போட்டால், கன்றுக்கு முக்கால் பங்கு ஜெர்சி இரத்தம் வந்துவிடும். நம் சமவெளிக்கு 50 முதல் 62.5 சதவிகிதம் வரைதான் ஏற்றது. அதற்கு மேல் போனால் வெயிலையும் நோயையும் தாங்கும் சக்தி குறையும். "என்ன விந்து போடுகிறீர்கள்?" என்று கேட்டு, ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

தண்ணீரே இல்லாதவர் ஆட்டைப் பார்க்கலாம். மேய்ச்சல் தரையும் ஓட்டிப்போக ஆளும் உண்டு என்றால் செம்மறி. வேலி ஓரத்து அகத்தி, சூபாபுல் தழையை ஒடித்துப் போட்டு வளர்ப்பதானால் வெள்ளாடு. சேலம், ஈரோடு பக்கம் மேச்சேரி செம்மறியும், விருதுநகர், தூத்துக்குடி பக்கம் கன்னி ஆடும் அந்தந்த மண்ணுக்குப் பழகியவை. கன்னி ஆடு பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும்.

கோழியிலும் இதே கதைதான். கிரிராஜா, வனராஜா போன்றவை நாட்டுக் கோழியைவிடக் கூடுதலாக முட்டையிடும். ஆனால் அடைக்கு உட்காருவதில்லை. ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்க வேண்டும். நாட்டுக் கோழி தானே 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்து, பருந்துக்கும் பூனைக்கும் ஈடுகொடுத்துக் காக்கும். முட்டைதான் தேவை என்றால் முதலாவது; கைக்காசு போடாமல் பெருக வேண்டும் என்றால் இரண்டாவது. எந்தக் கோழியானாலும் கழிச்சல் நோய்த் தடுப்பூசியை மட்டும் விட்டுவிடக் கூடாது.

வாங்குவது பசுவானால், இரண்டாம் ஈற்றுப் பசுவாகப் பார்த்து, தொடர்ந்து மூன்று வேளை நேரில் கறந்து பார்த்தபின் விலை பேசுங்கள். சித்திரை, வைகாசியில் உங்களிடம் எவ்வளவு தீவனம் இருக்கும் என்பதை மாசியிலேயே கணக்குப் போடுங்கள். சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, தீனி வைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். சந்தைக்குப் புறப்படுமுன் அவர்களிடம் கலந்து பேசுங்கள். அவர்களால் பார்த்துக்கொள்ள முடிந்த இனமே உங்களுக்கு நல்ல இனம்.